அணில்களின் பங்கு

கணினி என்றாலே காரியம் என்று பொருள்கொள்ளப் பழகிவிட்டோம். வங்கிக் கணக்கு, பயணச்சீட்டு, தேர்வு முடிவு என்று பயன் ஒன்றையே கருதி நிரல்களை அணுகுகிறோம். அதனால்தான், 'எனக்கு எந்தப் பயனும் இல்லை' என்று தானே அறிவித்துக்கொள்ளும் நிரலொன்றைக் கண்டால் கற்றவர்களும் முகம் சுளிக்கிறார்கள். இலக்கியம் பயில்வோரேனும் இவ்விஷயத்தில் சற்றுத் தாராளமாக இருப்பர் என்று எதிர்பார்த்தால் அதுவும் நடப்பதில்லை. 'வேலையற்றவர்களின் வேடிக்கை', 'பழைய பொம்மைகள் மீதான ஏக்கம்' என்ற இரண்டு தீர்ப்புகளையே திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறோம். இவை பிழையான தீர்ப்புகள் மட்டுமல்ல, தீங்கான தீர்ப்புகளும்கூட என்பது நம் கட்சி. சென்ற நூற்றாண்டு எழுதிய ஒரு புதுவகை எழுத்து முற்றாக அழிந்துபோவதற்கு இவையும் துணைபோகின்றன.

பொத்தாம்பொதுவாகப் பேசினால் வாதம் நழுவிவிடும். ஒரே ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு ஊன்றிப் பார்ப்போம்.

மொழியியல் பயின்ற லாரி வால் 1987இல் பெர்ல் என்ற நிரல்மொழியை வெளியிட்டார். அம்மொழியில் எழுதப்படும் நிரற்கூறுகளைச் சேர்த்துவைக்க 1995இல் சிபான் என்ற பொதுக் களஞ்சியம் தோன்றியது. யாரும் எழுதிச் சேர்க்கலாம், யாரும் எடுத்தாளலாம். அக்களஞ்சியத்தில் 'ஆக்மி' என்ற பெயரால் ஒரு தனி அடுக்கு உண்டு. அது நகைச்சுவைக்கென்றே ஒதுக்கப்பட்டது. டாமியன் கான்வே எழுதிய ஆக்மி நிரலொன்று, கொடுக்கப்படும் எந்த நிரலையும் வெளுத்துவிடும். எழுத்துகள் அனைத்தும் வெற்றிடங்களாகிவிட, எஞ்சுவது வெள்ளைத்தாள். ஆனால் அந்த வெள்ளைத்தாள் முன்போலவே இயங்கும். 'செய்' என்ற கட்டளைக்கு எதிராகச் 'செய்யாதே' என்ற கட்டளையை மொழிக்கு வழங்கும் நிரலும் அவருடையதே. அதனிடம் எதைக் கொடுத்தாலும் அது செய்யாமல் இருக்கும், அவ்வளவுதான்.

சித்திரகவி மரபை அறிந்தவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. மாலைமாற்றும் நாகபந்தமும் எழுதிய புலவன் யாருக்கும் பயன்படும் செய்தியொன்றைச் சொல்ல அவற்றை எழுதவில்லை. மொழி எவ்வளவு வளையும், எங்கே ஒடியும் என்று பார்ப்பதற்கே எழுதினான். ஆக்மி அடுக்கில் நிகழ்வதும் அதுவே.

இந்த அடுக்கில்தான் 'ஆக்மி 6502' என்ற நிரற்கூறும் அமர்ந்திருக்கிறது. அதனுடன் வரும் விளக்கக்குறிப்பே ஒரு வேடிக்கைக் கதை. பழைய அமைப்பொன்றைப் பராமரிக்கும்படி மேலதிகாரி உங்களுக்கு ஆணையிடுகிறார். கோபால் மொழியாக இருக்குமோ, ஃபோர்ட்ரானாக இருக்குமோ என்று நடுங்குகிறீர்கள். உண்மை அதைவிடக் கொடியது. அது ஓர் அணில் குடும்பம் நடத்திவரும் 6502 இயந்திரம்! ஆயினும் கவலை வேண்டா, இந்நிரலை அதன் இடத்தில் வைத்துவிட்டால் அணில்களுக்கு வேறுபாடே தெரியாது என்று முடிகிறது குறிப்பு. படித்துச் சிரித்துவிட்டு நகர்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வேடிக்கைக் குறிப்பின் கீழே இருக்கும் நிரல் வேடிக்கையானதன்று. அது ஒரு செயலியை அணு பிசகாமல் நடித்துக்காட்டுகிறது.

6502 என்பது என்ன? 1975இல் மாஸ் டெக்னாலஜி என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட நுண்செயலி. பிற நிறுவனங்களின் செயலிகள் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற காலத்தில் 25 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ 3,500 டிரான்சிஸ்டர்கள், கையிருப்பாக எண்களை வைத்துக்கொள்ள ஓர் இடம், அதற்குத் துணையாக இரண்டு இடங்கள், 56 வகைக் கட்டளைகள், 64 கிலோபைட் வரை எட்டும் முகவரிகள். அவ்வளவே அதன் சொத்து. இந்த எளிய சொத்தின் மீதுதான் வீட்டுக் கணினி என்ற புதிய உலகம் எழுந்தது. 1977இல் வந்த ஆப்பிள் 2, அதே ஆண்டின் கமடோர் பெட், அட்டாரியின் வீட்டுக் கணினிகள், 1981 டிசம்பரில் வெளியான பிபிசி மைக்ரோ ஆகிய அனைத்திலும் 6502 இருந்தது. 1982இன் கமடோர் 64 அதன் உடன்பிறப்பைக் கொண்டிருந்தது. பின்னாளில் கணினித் துறையை ஆண்ட ஒரு தலைமுறை எழுத்தறிந்த பள்ளி இதுதான்.

அப்பள்ளிகளில் சிறந்தது பிபிசி மைக்ரோ. பிரித்தானிய மக்களுக்குக் கணினி எழுத்தறிவு புகட்டப் பிபிசி மேற்கொண்ட திட்டத்திற்காகக் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் அதை உருவாக்கியது. அதற்கான பேசிக் மொழியைச் சோஃபி வில்சன் எழுதினார். 16 கிலோபைட்டுக்குள் அடங்கிய அந்த மொழி, இன்று நாம் அனுப்பும் ஒரு சாதாரண நிழற்படத்தின் மிகச்சிறு பகுதியளவே இருக்கும். அதற்குள் பெயரிட்ட செய்முறைகள் உண்டு, ஒழுங்கான சுழற்சிகள் உண்டு, செயலியின் சொந்தக் கட்டளைகளை நடுவில் எழுதிக்கொள்ள இடமும் உண்டு. சிக்கனத்தில் ஒரு குறள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆக்மி 6502 இந்தக் குறளை ஓதுகிறது. பிபிசி மைக்ரோவுடன் இணைக்கத்தக்க 'இரண்டாம் செயலி'ப் பெட்டியொன்றை ஏகார்ன் விற்றுவந்தது. அப்பெட்டியைப் போலவே நடிக்கும் ஒரு பகுதி ஆக்மி 6502இல் உள்ளது. பேசிக் மொழி பொறிக்கப்பட்டிருந்த சில்லின் உள்ளடக்கத்தை, பதினறும எண்முறையில் 8000 என்ற முகவரியில் அதற்குரிய இடத்தில் ஏற்றி, 'ஓடு' என்றால் ஓடுகிறது. பெர்ல் வேகத்துக்குப் பேர்போன மொழியன்று. இதே வேலையைத் திறம்படச் செய்யும் எமுலேட்டர்கள் ஏற்கெனவே இருந்தன. ஆகவே இதை எழுதவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. எதிர்க்கட்சியினர் கையிலெடுக்கும் முதற்கருவியும் இதுவே. ஏற்கெனவே இருப்பதை மறுபடி, அதுவும் மெதுவாக, ஏன் செய்யவேண்டும் என்கிறார்கள்.

தமிழாசிரியர்களாகிய நம்மை நோக்கி இக்கேள்வியைக் கேட்பது வேடிக்கைதான். ஒரு குறளுக்குப் பதின்மர் உரை கண்ட மரபு நம்முடையது. முதல் உரை இருக்கப் பிந்தைய உரை ஏன் என்று எவரும் கேட்டதில்லை. எமுலேட்டர் என்பது ஒரு செயலிக்கு எழுதப்படும் உரை. இக்கட்டளை எண் வந்தால் இன்னது நிகழும், இந்தக் குறியீடு மாறும், இத்தனை துடிப்புகள் செலவாகும் என்று சொல்லுக்குச் சொல் பொருள் விரிக்கும் பதவுரை. பழைய உரை ஒரு காலத்தின் மொழியில், ஒரு காலத்தின் இயந்திரத்திற்காக எழுதப்பட்டது. அந்த மொழியும் அந்த இயந்திரமும் வழக்கொழிந்தால் உரையும் மூலத்தோடு சேர்ந்து இருண்டுவிடும். பல மொழிகளில் பலர் எழுதிவைத்த உரைகள் உள்ள நூலே பிழைக்கிறது. வேண்டாத வேலை என்று இவர்கள் சொல்வது உண்மையில் பிரதிகளின் பெருக்கம்.

உரை எழுதுவது எளிதும் அன்று. மூலத்தின் அழகுகளோடு பிழைகளையும் உரையாசிரியன் அறிந்திருக்கவேண்டும். தொடக்ககால 6502இல் புகழ்பெற்ற பிழை ஒன்று உண்டு. அதன் நினைவகம் 256 கலங்கள் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டது. இரண்டு கலங்களில் எழுதப்பட்ட ஒரு முகவரியைப் படித்து அங்கே தாவும்படி சொன்னால், முதற்பாதி ஒரு பக்கத்தின் கடைசிக் கலத்தில் இருக்கும்போது, செயலி மறுபாதியை அடுத்த பக்கத்தில் தேடாது. அதே பக்கத்தின் முதற்கலத்துக்குத் திரும்பிவிடும். பின்வந்த 65சி02 என்ற வடிவில் இது திருத்தப்பட்டது. பழைய செயலியை நடிக்கும் எமுலேட்டர் இப்பிழையையும் நடிக்கவேண்டும், புதிய செயலியை நடிப்பது திருத்தத்தை நடிக்கவேண்டும். கையேட்டில் இல்லாத கட்டளை எண்களைத் தந்திரமாகப் பயன்படுத்திய நிரல்களும் உண்டு, அவற்றுக்கும் விடை வைத்திருக்கவேண்டும். பாடபேதத்தைத் 'திருத்தி' மூலத்தைக் கெடுத்த பதிப்பாசிரியர்களை நாம் அறிவோம். அவர்களைவிட இந்த வேடிக்கைக்காரர்கள் மூலத்துக்கு நேர்மையாக இருக்கிறார்கள். மூலநிரல் கொஞ்சமும் ஐயுறக்கூடாது. தான் ஓடிக்கொண்டிருப்பது பழைய வீட்டில்தான் என்று அது நம்பவேண்டும். அணில்களுக்கு வேறுபாடு தெரியாது என்ற நகைச்சுவையில் இக்கலையின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

'போலச்செய்தல்' பொறியியல் ஆகுமா, அது வெறும் பாவனைதானே என்போருக்கு வரலாற்றிலிருந்து ஒரு விடை உண்டு. 1983 அக்டோபரில் ஏகார்ன் நிறுவனம் ஒரு புதிய செயலியை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஸ்டீவ் ஃபர்பரும் சோஃபி வில்சனும் அதன் சிற்பிகள். கட்டளைத் தொகுதியை வகுத்த வில்சன், சில்லு பிறப்பதற்கு முன்பே அதை நடத்திப்பார்க்கும் நிரலொன்றைப் பிபிசி பேசிக்கில் எழுதினார். 6502 இரண்டாம் செயலி இணைத்த பிபிசி மைக்ரோவில் அந்நிரல் ஓடியது. 1985 ஏப்ரல் 26 அன்று உண்மைச் சில்லு கைக்கு வந்து இயங்கியது. அதுவே ஆர்ம். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியின் செயலி அதன் வழித்தோன்றல். ஆக, உலகின் பெருவாரியான கைப்பேசிகளின் மூதாதை முதன்முதலில் மூச்சுவிட்டது ஒரு பாவனைக்குள். எந்தப் பெட்டியின் மேல் அப்பாவனை நிகழ்ந்ததோ, அதே பெட்டியைத்தான் ஆக்மி நிரல் இப்போது பாவனை செய்கிறது. இன்னும் பிறவாத இயந்திரத்தை நடித்துப்பார்த்தால் அறிவியல், இறந்துபோன இயந்திரத்தை நடித்துப்பார்த்தால் வீண்வேலை என்பது என்ன நியாயம்?

இரண்டாவது ஆட்சேபம் சற்றுக் கண்ணியமானது. பாதுகாப்பு வேண்டும்தான், ஆனால் அது அருங்காட்சியகங்களின் பணி, இயந்திரத்தையும் தட்டுகளையும் கண்ணாடிப் பேழையில் வைத்தால் போதும் என்பது அவ்வாதம். கண்ணாடிப் பேழையில் வைத்த கணினி சுவரில் மாட்டிய யாழ். அதன் வடிவம் தெரியும், இசை கேட்காது. நிரல் என்பது ஓடும்போது மட்டும் நிரல். இதை ஒரு பெருந்திட்டமே விலைகொடுத்துக் கற்றது.

இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னன் 1086இல் தன் நாட்டின் நிலங்களைக் கணக்கெடுத்து எழுதுவித்த டூம்ஸ்டே ஏடு இன்றும் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. இலத்தீன் அறிந்தவர் அதைப் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடப் பிபிசி 1986இல் ஒரு புதிய டூம்ஸ்டேயை வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் தத்தம் ஊர்களைப் பற்றி எழுதினார்கள், படமெடுத்தார்கள், வரைபடம் தந்தார்கள். அவையனைத்தும் இரண்டு லேசர் தட்டுகளில் பதிக்கப்பட்டன. அவற்றைப் படிக்கப் பிபிசி மைக்ரோவின் வாரிசான பிபிசி மாஸ்டர் கணினியும், பிலிப்ஸ் நிறுவனத்தின் தனிவகைத் தட்டியக்கியும் வேண்டும். தொகுப்பின் விலை பல பள்ளிகளும் நூலகங்களும் வாங்க முடியாத அளவு உயர்ந்திருந்தது.

பதினைந்து ஆண்டுகள் ஆவதற்குள் அத்தட்டுகளைப் படிக்கவல்ல இயந்திரங்கள் அரிதாகிவிட்டன. தோலில் எழுதிய கணக்கு ஒன்பது நூற்றாண்டு தாங்கியது, ஒளித்தட்டில் எழுதியது ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டத் தடுமாறியது. தட்டுகள் பத்திரமாகத்தான் இருந்தன. பேழைக்குள் பத்திரமாக இருந்த அவற்றை எவராலும் படிக்கத்தான் முடியவில்லை. 2002இல் அதை மீண்டும் உயிர்ப்பித்துக் காட்டியவர்கள் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கூட்டுத் திட்டத்தினர். அவர்கள் கையாண்ட வழி எமுலேட்டர்தான். பழைய பிபிசி இயந்திரத்தைப் புதிய கணினிக்குள் நடிக்கவைத்து, அதற்குள் டூம்ஸ்டேயை ஓடவிட்டார்கள். பின்னர் 2011இல் பிபிசி அதன் ஒரு பகுதியை இணையத்தில் ஏற்றியது. 2018இல் அந்தத் தளமும் மூடப்பட்டுக் காப்பகத்துக்குப் போயிற்று. நிறுவனங்களின் அக்கறை நிதியாண்டோடு பிறந்து நிதியாண்டோடு மடிவது.

இங்கேதான் வேடிக்கைக்காரர்களின் அருமை விளங்குகிறது. அவர்களுக்கு நிதியாண்டு கிடையாது. அவர்களுடைய வேலைக்கு யாரும் பணம் தருவதில்லை, ஆகவே பணம் நின்றதும் வேலை நிற்பதுமில்லை. பயன் கருதித் தொடங்கியது பயன் தீர்ந்ததும் கைவிடப்படும். பயனே கருதாமல் தொடங்கியதைக் கைவிட அந்தக் காரணம் இல்லை. விளையாட்டு என்றதும் பொறுப்பற்றது என்று எண்ணிவிடவும் வேண்டா. சிபான் களஞ்சியத்தில் நகைச்சுவைக் கூறுக்கும் ஏனையவற்றுக்கும் ஒரே முறைமைதான். கையேடு வேண்டும், சோதனைநிரல்கள் வேண்டும், தன்னார்வலர்களின் கணினிகள் அவற்றை ஓட்டிப்பார்த்து அறிக்கை தரும். இவ்வளவு ஒழுங்கு நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு வாய்த்திருக்கிறதா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

வேறு நகைச்சுவை அரங்குகளும் இதற்குச் சான்று தருகின்றன. புரியாத சி நிரல் எழுதுவதில் போட்டி ஒன்று 1984 முதல் நடந்துவருகிறது. எவர் நிரல் படிப்பவரை அதிகம் திணறடிக்கிறதோ அவருக்கு வெற்றி. அதன் 2013ஆம் ஆண்டுப் போட்டியில் வென்ற ஒரு நிரல், சற்றேறக்குறைய 4,000 எழுத்துகளுக்குள் ஒரு முழுத் தனியாள் கணினியையே நடித்துக்காட்டியது. அதற்குள் டாஸ் ஓடியது, விண்டோஸ் 3.0 ஓடியது. ஒரு நிறுவனம் குழு அமைத்துச் செய்யவேண்டிய வேலையை ஒருவர் கேலிக்காகச் செய்துமுடித்தார்.

மூன்றாவது ஆட்சேபம்தான் நம்மைச் சினங்கொள்ள வைப்பது. அது நிரலர்களிடமிருந்தோ இலக்கியவாதிகளிடமிருந்தோ வரவில்லை, சட்டத்திலிருந்து வருகிறது. வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டு நிரல்களில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை. விற்பவர் இல்லை. ஆனால் உரிமை மட்டும் இருக்கிறது. நூலகங்களும் காப்பகங்களும் ஒரு கோரிக்கை வைத்தன. தம்மிடம் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய விளையாட்டுகளை, ஆய்வாளர்கள் நூலகக் கட்டடத்துக்கு நேரில் வராமல் தொலைவிலிருந்தே இயக்கிப் பார்க்க அனுமதி வேண்டும் என்றன. பிற மென்பொருள்களுக்கு இத்தகைய அனுமதி 2021இலேயே கிடைத்துவிட்டது. விளையாட்டுகளுக்கு அப்போதும் மறுக்கப்பட்டது, 2024 அக்டோபரில் மீண்டும் மறுக்கப்பட்டது. காரணங்களுள் ஒன்று, அவற்றைப் பொழுதுபோக்குக்காகப் பயன்படுத்திவிடக்கூடும் என்ற அச்சம்.

விளையாட்டை யாராவது விளையாடிவிடுவார்களோ என்று ஒரு நாட்டின் பதிப்புரிமை அலுவலகம் அஞ்சுகிறது! நாவலை எவரேனும் இன்பத்துக்காகப் படித்துவிடக்கூடும் என்று சொல்லி நூலகத்தைப் பூட்டினால் நாம் பொறுப்போமா? ஆராய்ச்சியாளன் சிரிக்காமல் படிக்கவேண்டும், சுவைக்காமல் ஆராயவேண்டும் என்பது எந்தக் கல்விமரபிலும் இல்லாத விதி. 'வேலையற்றவர்களின் வேடிக்கை' என்று நம்மவர் அலட்சியமாக உதிர்க்கும் தீர்ப்புக்கும் இந்த மறுப்புக்கும் அடிப்படை ஒன்றே. இன்பம் தருவது ஆவணமாகாது என்ற மூடநம்பிக்கை அது. 1984இல் பிபிசி மைக்ரோவுக்காக வந்த 'எலீட்' என்ற விளையாட்டில் எட்டு விண்மீன் மண்டலங்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். 32 கிலோபைட் நினைவகத்தில் அத்தனை உலகங்களை எழுதிவைக்க இடமேது? ஒரு சில விதை எண்களிலிருந்து அவ்வப்போது அவற்றை விளைவித்துக்கொள்ளும்படி ஆசிரியர்கள் இருவரும் அமைத்தார்கள். அதை விளையாடாமல் எப்படி ஆராய்வது? நாடகத்தைப் பார்க்காமல் அரங்க அமைப்பின் அளவுகளை மட்டும் படித்துத் திறனாய்வு எழுதுவதா?

உரிமையாளர்களின் நியாயத்தையும் நாம் மறக்கவில்லை. எழுதியவனுக்குக் கூலி சேரவேண்டும். ஆனால் எமுலேட்டர் வேறு, அதற்குள் ஓடும் நிரல் வேறு. சோனிக்கும் கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல், எமுலேட்டர் ஒன்றை உருவாக்கும் வழியில் மூலத்தை ஆராய்ந்து படியெடுத்தது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. யாழை மறுபடி செய்வது பாட்டைத் திருடுவதாகாது. நாம் கேட்பது பாட்டை இலவசமாக விற்க அல்ல, விற்பாரும் இல்லாமல் கேட்பாரும் இல்லாமல் அழியவிடாதிருக்க மட்டும்.

எஞ்சியிருப்பது ஏக்கம் என்ற குற்றச்சாட்டு. ஆம், இவர்களுள் பலரைச் செலுத்துவது இளமைக்கால நினைவுதான். அதனால் என்ன? ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களையும் செலுத்தியது பற்றுத்தான், வருமானம் அன்று. பற்றில்லாத பாதுகாவலனிடம் ஒப்படைத்த சுவடிகள் என்ன ஆயின என்பதும் நமக்குத் தெரிந்த கதையே. 6502இன் தலைமுறை முதுமை எய்துகிறது. அதன் கட்டளைகளை மனப்பாடமாக அறிந்தவர்கள் இருக்கும்போதே அவர்தம் அறிவு நிரலாக எழுதப்பட்டுவிடவேண்டும். வேடிக்கையாக எழுதினாலும் எழுதப்பட்டது எழுதப்பட்டதே.

சேதுவுக்கு மணல் சுமந்த அணிலின் கதையைச் சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கும் நாம், அணில்களின் பங்கைக் கண்டு முகம் சுளிப்பது பொருந்தாது. ஏகார்ன் என்ற சொல்லுக்கே அணில்கள் விரும்பிச் சேமிக்கும் ஓக் மரத்துக் கொட்டை என்றுதான் பொருள். கல்லூரிகளில் கணினிவரலாறு கற்பிப்போர், பழைய நிரல்களைப் பற்றிக் குறிப்பெழுத வைப்பதோடு நில்லாமல் அவற்றை ஓட்டிப் பார்க்கவும் மாணவர்களைப் பழக்கட்டும். நூலகங்கள் தட்டுகளோடு அவற்றை இயக்கும் எமுலேட்டர்களையும், அவற்றின் மூலநிரலையும் சேர்த்துப் பட்டியலிடட்டும். இலக்கிய இதழ்கள் நூல்மதிப்புரைக்கு அருகில் நிரல்மதிப்புரைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கட்டும். ஆக்மி 6502 போன்ற ஒன்றைக் காணும்போது, இதனால் என்ன பயன் என்று கேட்குமுன், இது எந்த நிரலை மறுபடி வாழவைக்கிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரட்டும்.